சலவைக் கொட்டகை கட்டிய ஸ்கேல் அக்கா

முப்பத்தாறு வயதில் அவள் கட்டடக்கலைக் கல்லூரியின் வாசலில் போய் நின்றாள். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள். காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு இன்னும் வயசு ஆகலையேம்மா, அஞ்சாறு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"சேரப் போறது நான்தாங்க. இவ என்னைக் கொண்டாந்து விட வந்திருக்கா."

காவலாளி தடுமாறிப்போய்க் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். லாரியே உள்ளே போகலாம்.

அதற்கு முன் பதினான்கு வருடம் அவள் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். பொறியாளர் கிறுக்கிக் கொடுப்பதைச் சுத்தமாக, அளவு பிசகாமல் கணினியில் ஏற்றுவது வேலை. வீடுகள், கடைகள், நான்கு பள்ளிக்கூடங்கள், ஒரு பிரசவ விடுதி என எத்தனையோ வரைந்திருந்தாள். அவற்றில் ஒன்றின் படியைக்கூட மிதித்ததில்லை. ஒருநாள் பேருந்தில் போகும்போது, "இந்தப் பள்ளிக்கூடம் எப்ப வந்துச்சு?" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டாள். பெயர்ப்பலகையைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஐந்து மாதம் அவள் கோடு கோடாக இழைத்த கட்டடம் அது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் 'நீ யாரு வீட்டுப் பிள்ளை' என்று கேட்டதுபோல் ஆகிவிட்டது. அன்றைக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

கட்டடக்கலை படிக்கப் போவதாக வீட்டில் சொன்னபோது கணவர் சரக்கு லாரியோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தார். போனில் கேட்டுவிட்டு, "நீ முடிவு பண்ணினா சரி" என்றார். அவர் எதற்கும் அதையேதான் சொல்வார். காரியத்தை நடத்தியது அவருடைய அக்கா, அதாவது நாத்தனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு தேய்க்கும் வேலை, அவர்களோடேயே குடித்தனம். "வீட்டை நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். உலகத்தில் நாத்தனார் என்றால் குத்திக்காட்டுவாள் என்பார்கள். இவள் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாள்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது. முதல் வாரத்திலேயே 'ஸ்கேல் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்தே ஜன்னல் அகலத்தைச் சொல்லிவிடுவாள், அவள் வரைந்த தாளில் கறை இருக்காது. பிள்ளைகள் தங்கள் படத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார்கள். அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றாம் வருடத்தில் அந்தக் கர்வத்துக்குச் சோதனை வந்தது. அந்தப் பருவத்தில் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு விடமாட்டார்கள், வரைந்ததைத் தாங்களே கட்டவும் வேண்டும். பதினாறு பேர், பன்னிரண்டு வாரம், நிஜமாகவே ஒருவருக்குத் தேவைப்படுகிற கட்டடம். பாடம் எடுத்த ஆசிரியை அவளைவிட ஆறு வயது சின்னவர். கல்லூரிப் பட்டறைத் தச்சரும் கூடவே இருந்தார். ஆனால் சொன்ன அளவுக்கு மரம் அறுத்துக் கொடுப்பதும், ரம்பம் போகும் வழியில் விரல் போகாமல் பார்ப்பதும்தான் அவர் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கிடைத்த வேலை, ஒரு மருத்துவமனையின் பின்பக்கத்துச் சலவைக்கூடத்துக்குத் துணி உலர்த்தும் கொட்டகை. எட்டுப் பெண்கள் அங்கே தினமும் இருநூறு படுக்கை விரிப்புகளைத் துவைத்து, திறந்தவெளியில் கம்பி கட்டிக் காயப்போட்டார்கள். மழை வந்தால் எட்டுப் பேரும் ஓட வேண்டும். பாதி விரிப்பு நனைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து. அவர்களுக்கு மேற்பார்வை பார்த்த அம்மாளை எல்லாரும் மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டார்கள். வலது தோள்பட்டை பிடித்துப்போய், கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாதவர்.

பதினாறு பேரும் ஆளுக்கொரு படம் வரைந்து வைத்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஸ்கேல் அக்காவின் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பக்கமாகச் சாயும் தகரக் கூரை, காற்று புகுந்து போகச் சட்டம் அடித்த சுவர், உள்ளே வரிசையாகக் கொடிகள்.

ஆசிரியை படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "நாளைக்குக் காலையில கழியும் கயிறும் எடுத்துட்டு வாங்க. இதே அளவுல அங்க நட்டுப் பாப்போம்" என்றார்.

நட்டார்கள். மேஸ்திரியம்மா ஒரு ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கொடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்கேல் அக்காவைப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா, ஒட்டகச்சிவிங்கிக்கா?"

எட்டுப் பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறடி உயரம் என்று அலுவலகத்தில் எப்போதும் போடும் அளவைப் போட்டிருந்தாள். ஈர விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று அவள் யோசித்ததே இல்லை.

"நீங்களே சொல்லுங்க மேஸ்திரியம்மா, எவ்வளவு உயரத்துல இருந்தா சௌகரியம்?"

"சொல்லத் தெரியாது. போட்டுக் காட்டுறேன், அளந்துக்கோ."

அன்று முழுவதும் கயிற்றை இறக்குவதும் ஏற்றுவதுமாகப் போயிற்று. கடைசியில் மேஸ்திரியம்மாவின் தாடை உயரத்தில் கொடி நின்றது. விரிப்பு தரையில் புரளாமல் இருக்க இரட்டைக் கொடி கட்டி, நடுவில் தொய்யவிட்டுப் போட வேண்டும் என்று ஆயிற்று. அதற்காகக் கொட்டகை ஒன்றரை மடங்கு அகலமானது. கறையில்லாத அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவள் புதிதாக வரைந்தாள்.

பிறகு குழி தோண்டும் வேலை. படத்தில் ஒரு தூணுக்குச் சின்னக் கட்டம் போட அவளுக்கு இரண்டு நொடி ஆகும். நிஜத்தில் ஒரு குழிக்கு நான்கு பேருக்கு ஒரு நாள் ஆனது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்தது. மூலைக் குழியில் இடுப்பாழத்தில் பாறை தட்டியது. கடப்பாறையால் குத்தினால் பொறி பறந்தது, பாறை அசையவில்லை. தூணைத் தள்ளிப்போடுவதைத் தவிர வழியில்லை. தூண் தள்ளினால் கூரையும் மாறும். அவள் அங்கேயே ஒரு ஒட்டுப்பலகைத் துண்டை மடியில் வைத்து, மேலிருந்து பார்ப்பதுபோல் படம் போட்டு, புது அளவுகளை எழுதினாள். கூரையைத் தாங்கும் எட்டு மரச்சட்டங்களின் நீளத்தையும் அதிலிருந்தே எடுத்துப் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினாள். மளமளவென்று எட்டும் அறுபட்டு வந்தன.

முதல் சட்டத்தைத் தூக்கி வைத்தபோது கீழ்முனை சுவரைத் தாண்டிப் போக வேண்டிய அளவுக்குப் போகவில்லை. ஒரு சாண் குறைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏணியில் நின்றபடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலிருந்து பார்க்கும் படத்தில் தெரிவது தரையில் விழும் நீளம். கூரையோ சாய்ந்து இறங்குகிறது. சாய்வில் போகும் மரம் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைக்கே தெரிந்த விஷயம். அவசரத்தில், தன் கைமேல் இருந்த நம்பிக்கையில், தவறவிட்டிருந்தாள்.

கீழே பதினைந்து முகங்கள். "தச்சர் தப்பா அறுத்துட்டாரோ" என்று ஒரு பெண் பிள்ளை மெல்ல இழுத்தாள். அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

"இல்லம்மா. நான் சொன்ன அளவுதான் தப்பு" என்றாள் அவள், இறங்கிவந்து. "பதினாலு வருஷம் இதையேதான் செஞ்சிட்டிருந்தேன். இருந்தும் தப்புப் பண்ணிட்டேன்."

ஆசிரியை ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் மணல் குவியலில் உட்கார்ந்தார். "அக்கா, அந்தப் பதினாலு வருஷத்துல நீங்க வரைஞ்சது எங்கயாவது இடிச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

யோசித்துப் பார்த்தாள். "தெரிஞ்சிருக்காது. மேஸ்திரிங்க அங்கயே சரி பண்ணியிருப்பாங்க."

"இன்னைக்குத் தெரிஞ்சுதில்ல? சரி, அடுத்து என்ன பண்ணலாம்னு பாருங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

ஆசிரியை அவளை 'அக்கா' என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

சாய்வைக் குறைத்தால் மழைநீர் தேங்கும். கூரை நீட்டத்தைக் குறைத்தால் சாரல் உள்ளே அடிக்கும். புது மரம் கேட்க முடியாது, இருந்தது அவ்வளவுதான். பிள்ளைகள் தலையைச் சொறிந்தார்கள். மேஸ்திரியம்மா காய்ந்த விரிப்புகளை மடித்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"துணி குட்டையாப் போச்சுன்னா நாங்க ஒட்டுப் போடுவோம். உங்க மரத்துக்கு ஒட்டுப் போட முடியாதா?"

"போடலாம் மேஸ்திரியம்மா." ஸ்கேல் அக்கா இழுத்தாள். " ஆனா முனையில ஒட்டினா பிச்சுக்குமே."

"முனையில எவ வைப்பா? நல்லா உள்ள தள்ளி வச்சுத் தைக்கணும். ஒரு சாண் ஒட்டுக்கு ரெண்டு சாண் உள்ள போகணும்." மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். கிழிந்த ஓரத்தில் போட்ட ஒட்டு, வெளியே தெரிவதைப்போல் இரண்டு மடங்கு உள்பக்கம் ஓடியிருந்தது.

ஸ்கேல் அக்கா அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அளவுநாடாவை எடுத்தாள்.

மிச்ச மரத்தில் ஒன்றரை முழ நீளத்துக்குத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு சட்டத்தின் கீழ்முனையிலும் பக்கவாட்டில் சேர்த்து, இரண்டு சாண் உள்ளே தள்ளி, போல்ட் போட்டு முறுக்கினார்கள். முதல் ஒட்டு முடிந்ததும் ஆசிரியை, "இதை நம்பி அவங்க எட்டுப் பேரும் அடியில நிக்கப் போறாங்க. தாங்குமான்னு தெரியணும்" என்றார். சோதனைக்கு வேறென்ன வேண்டும்? தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் அந்தச் சட்டத்தைக் கட்டிவைத்து, அதன் முனையில் ஒவ்வொருவராகத் தொங்கினார்கள். ஒருவர், இருவர், மூவர். மரம் லேசாக வளைந்தது, ஒட்டு இம்மியும் அசையவில்லை. நான்காவதாக ஸ்கேல் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தொங்கினாள். முப்பத்தெட்டு வயதில் காலை ஆட்டிக்கொண்டு தொங்கும் அவளைப் பார்த்து, "இறங்கும்மா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!" என்று மேஸ்திரியம்மா கத்தினார்.

பதினோராவது வாரம் கூரை ஏறியது. அதற்கு அடுத்த வாரம் நண்பகலில், எச்சரிக்கையே இல்லாமல், மழை கொட்டியது. பழக்க தோஷத்தில் எட்டுப் பெண்களும் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கொட்டகைக்குள் நுழைந்த பிறகுதான் ஓடிவந்திருக்கத் தேவையில்லை என்பது நினைவுக்கு வந்தது. விரிப்புகள் தம்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. சுவர்ச் சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்று வந்து அவற்றை அசைத்தது. ஒட்டுப் போட்ட முனைகளிலிருந்து தண்ணீர் வெளியே தள்ளி விழுந்தது. மேஸ்திரியம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷத்துல மழையை உக்காந்து பாத்ததே இல்லம்மா" என்றார்.

பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்கேல் அக்காவும் உட்கார்ந்தாள்.

பட்டம் வாங்கிய பிறகு அவளுக்கு வேறொரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளே, "படம் போடறதுக்கு முன்னாடி இடத்தைப் பாக்கணும், கட்டும்போதும் வாரத்துல ரெண்டு நாள் அங்க இருக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா வரேன்" என்றாள். முதலாளி வியப்போடு ஒத்துக்கொண்டார். இப்போது அவள் வரைந்த படங்களை மேஸ்திரிகள் வேலை நடக்கும் இடத்திலேயே விரித்துவைத்துக்கொண்டு, "அம்மா, இது இப்படி வருமா?" என்று கேட்கிறார்கள். வராது என்று அவர்கள் சொன்னால் உடனே தாளைத் திருப்பி அங்கேயே வரைகிறாள்.

வருடத்துக்கு ஒருமுறை கல்லூரி அவளை அழைக்கிறது. புதுப் பிள்ளைகள் தங்கள் படங்களைச் சுவரில் மாட்டிப் பேசும்போது, கேள்வி கேட்கும் குழுவில் அவளுக்கு ஒரு நாற்காலி. அவள் கேட்டுக்கொண்டதால் அடுத்த நாற்காலி மேஸ்திரியம்மாவுக்கு. பேராசிரியர்கள் பெரிய பெரிய கேள்வியாகக் கேட்பார்கள். மேஸ்திரியம்மா எல்லாரும் முடிக்கும்வரை பொறுத்திருந்து, "இதை யார் கூட்டிப் பெருக்குவா?" என்பார். பாதிப் பிள்ளைகள் அங்கேயே பென்சிலைத் தேட ஆரம்பிப்பார்கள்.

யாராவது எப்படி இதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் அவள் தன்னைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட நாத்தனாரைச் சொல்வாள். தேர்வுக்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து தன் வீட்டுப்பாடத்தை முடித்த மகளைச் சொல்வாள். மணல் குவியலில் வந்து உட்கார்ந்த ஆசிரியையைச் சொல்வாள். தன் தவறைத் தச்சர் தலையில் கட்டிக் காப்பாற்றப் பார்த்த அந்தப் பெண் பிள்ளையைக்கூடச் சொல்லிச் சிரிப்பாள். "இத்தனை பேர் ஆளுக்கொரு கை கொடுத்தாங்க, நான் ஏறி வந்துட்டேன். அவ்வளவுதாங்க என் கதை" என்பாள்.

சென்ற மாதம் நாத்தனாருக்குக் கொட்டகை கட்டிய அதே மருத்துவமனையில் சின்ன அறுவைச் சிகிச்சை. இரண்டு நாள் படுக்கையில் இருந்தவள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, போர்வையின் ஓரத்தை முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

"ஈர வாடையே இல்லடி" என்றாள்.

"அண்ணி, அது நல்லாத் துவைக்கிறவங்க கைராசி."

"அப்படித்தான் சொல்லுவே, தெரியும்" என்று சொல்லி நாத்தனார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.