நான் பிரிக்கச் சொன்ன கொரம்பு

போன சனிக்கிழமை சாயங்காலம் திருச்சி கன்டோன்மென்ட் கிளப் ஒன்றில் ஓசி சினிமா. கடகடவென்று சத்தம் போடுகிற பதினாறு எம்.எம். புரொஜெக்டரில் ஒரு அமெரிக்க டாக்குமெண்டரி. ஓசி என்றால் நான் எதையும் பார்ப்பேன் — உங்களுக்குத் தெரியாததா!

திரையில் பீவர் என்று ஒரு பிராணி. நம் காவிரி நீர்நாய் மாதிரி நீந்துகிறது. ஆனால் வால் மட்டும் தோசைத் திருப்பி போலத் தட்டை. பல்லாலேயே மரத்தைச் சாய்க்கிறது. குச்சிகளைக் குறுக்கே போட்டு, இடுக்கில் சேற்றை அப்பி, ஓடையையே மறிக்கிறது. தண்ணீர் தேங்கி, கசிந்து கசிந்து மெதுவாகப் போகிறது. சுற்றிலும் ஒரே பச்சை.

சிரித்துக்கொண்டே பார்த்தேன். அடுத்து வந்ததுதான் தூக்கிவாரிப் போட்டது.

ரோமத்துக்காக பீவர்களைப் பிடித்தே தீர்த்துவிட்டார்களாம். அணைகள் சிதைந்தன. தடுக்க ஆளில்லாத தண்ணீர் தரையை அறுத்துக்கொண்டு ஓடியது. ஓடை பள்ளமாயிற்று, பக்கத்து நிலத்தின் ஊற்றெல்லாம் கீழே இறங்கிவிட்டது. இப்போது பீவர்களைக் கூண்டில் தூக்கிக்கொண்டு போய் அதே ஓடைகளில் விடுகிறார்கள் — மறுபடியும் அணை கட்டு ராஜா என்று!

எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் என்கிறீர்களா?

போன வருஷம் இதே வாரப் பத்தியில் ஒரு கொரம்பைப் பற்றி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஓடை. அதன் குறுக்கே மூங்கில் முளை அடித்து, தழையும் வைக்கோலும் திணித்து, மண் அப்பிய தடுப்பு. அதைத்தான் எங்கள் பக்கத்தில் கொரம்பு என்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, 'குப்பை, கொசு, அசிங்கம்' என்று விளாசித் தள்ளினேன். பத்தே நாளில் சர்க்கார் ஆட்கள் வந்து பிரித்து எறிந்தார்கள். நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்தச் சித்திரையில் எங்கள் கிணற்றில் தாம்புக்கயிறு எட்டவில்லை. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட வேண்டியதாயிற்று.

"இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்லையேன்னா!" என்றாள் என் மனைவி.

வெயில் ஜாஸ்தி என்றேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

படம் பார்த்த மறுநாள் காலையிலேயே ஓடைக்கு ஓடினேன். பெருமாளே! முன்பெல்லாம் கரையை ஒட்டித் தண்ணீர் நின்ற இடத்தில், ஆள் உயரப் பள்ளம். அடியில் ஒரு இழை போலத் தண்ணீர். பக்கத்து வாழைத் தோட்டத்தில் பாதி மரங்கள் மடங்கிக் கிடந்தன.

தோட்டத்தில் நின்றவர் ஜப்பார் பாய். பாலக்கரைக்காரர், குத்தகைக்கு வாழை போடுகிறவர். ஆறு வருஷமாக எங்கள் வீட்டுக்கு இலை கொடுப்பவரும் அவர்தான். அந்தக் கொரம்பு அவர் போட்டது என்று எனக்குத் தெரியவே தெரியாது!

"குத்தகையை விட்டுடப் போறேன் சார். தண்ணி ஏறல. மாசக் கடைசியில நிலத்துக்காரர்கிட்ட போய்ச் சொல்லிடணும்."

"பாய்... கொரம்பைப் பிரிக்கச் சொல்லி எழுதினது நான்தான்."

"தெரியும் சார். நீங்க எழுதறதை வாரா வாரம் படிக்கிறவன்தானே நான்."

தெரிந்துமா இந்த ஒரு வருஷமும் கிழியாத இலையாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"மறுபடியும் போட்டா சரியாகுமா பாய்?"

"போட்டா மண்ணு தங்கும், கொஞ்சம் கொஞ்சமா பள்ளம் தூர்ந்துடும். ஆடிப் புதுத்தண்ணி வர்றதுக்குள்ள போட்டாகணும். ஆனா திரும்பவும் வந்து பிரிச்சுட்டாங்கன்னா? பிரிக்க மாட்டோம்னு அவங்க வாயால சொல்லட்டும் சார், நான் குத்தகையை விடல."

ஆகவே, அன்று பிரிக்க உத்தரவு போட்ட அதிகாரி அவர்களே! நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் நான் எழுதியது தப்பு. முழுத் தப்பு. மாசக் கடைசிக்குள் ஜப்பார் பாய்க்குக் கொரம்பு போட அனுமதி கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தடவை நான் பஸ்ஸிலிருந்து பார்த்து எழுதவில்லை. வேட்டியில் சேறு இன்னும் காயவில்லை...