ஆம்புலன்ஸை இந்தப் பக்கம் வரவைத்த மேனேஜர்

சபாபதி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி, எருத்தேன்பதியில் நான் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. டவர் பழுது பார்க்கும் முருகேசன் போனில் அழுதான். "மீட்டிங்ல உக்காந்த வாக்குலயே சாஞ்சுட்டாருங்க மாமா. நம்மூர் டவர ஏன் இன்னும் நிறுத்தலைன்னு அவரைப் போட்டுக் காச்சுனாங்களாம்."

அவர் ஒரு தனியார் செல்போன் நிறுவனத்தில் எங்கள் வட்டாரத்துக்கு மேனேஜராக இருந்தார். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளக் கிராமம். முன்பு எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர்தான் எங்கள் போன்களுக்குக் கிடைக்கும். என் மனைவி பொன்னாத்தாளைப் பாம்பு கடித்த அன்று ஆம்புலன்சுக்கு அடித்தோம். கோயமுத்தூரில் எடுத்தார்கள். "அது கேரளா, அங்கே கூப்பிடுங்கள்" என்றார்கள். திரும்பத் திரும்ப அடித்தாலும் அவர்களே எடுத்தார்கள். பால் வண்டியில் போட்டுக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தது எந்த நிறுவனத்தின் தயவாலும் இல்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் பாலக்காட்டுச் சித்தூரில் இருந்த சாரின் அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். "ஏனுங்க, இந்தப் போன வெச்சு என்னங்க பண்றது? மாட்டுக் கழுத்துல கட்டவா?"

"கட்டுனா மாட்டுக்கும் கோயமுத்தூர்தானுங்க ஐயா கெடைக்கும்" என்றார் சார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அன்று மாலையே ஊருக்கு வந்து, வீடு வீடாக நின்று அவரே அடித்துப் பார்த்தார். கடைசி வீட்டிலும் கோயமுத்தூரே எடுக்க, அவர் முகம் கறுத்துவிட்டது. "நீங்க திட்டுனது பத்தாதுங்க. மேல இருக்கறவங்களையும் திட்டோணும்" என்று சொல்லி, என் எதிரிலேயே போனில் தலைமை அலுவலகத்தோடு சண்டை பிடித்தார்.

சண்டை போட்டுத்தான் டவர் வந்தது. பிறகு பக்கத்து வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஒரே அழைப்பில் பாலக்காட்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இப்போது லாபமில்லை என்று அந்த டவரை நிறுத்தச் சொன்னார்கள். சார் மறுத்தார். "அதை அணைக்கறது என் கையால நடக்காதுங்க" என்று போன வாரம்கூட என்னிடம் சொன்னார்.

இழவு வீட்டுக்குத் தலைமை அலுவலகத்து அதிகாரி மாலையோடு வந்தார். சாரின் படத்தை அலுவலகத்தில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

"படம் கெடக்கட்டுங்க. டவரு?" என்றேன்.

"அதைப் பேசற இடமா இது?"

"பேசற எடத்துலதான் அவரக் கொன்னுட்டீங்களே!"

அவர் காருக்குப் போய்விட்டார்.

இந்த வருடம்தான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். என் கோபத்தை யாரிடமும் சொல்லி எழுத வைக்க வேண்டியதில்லை. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தத் தாளை டவர் வேலியின் பூட்டுக்கு மேலே ஒட்டப் போகிறேன். நிறுத்த வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும். பொன்னாத்தாள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போய் வாருங்கள் சார். இனி அவர்களோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம்.