பூ மூட்டையை இறக்கி வைத்தவர்

கோவையில் நடந்த பைக் ரேலிக்கு நானும் நண்பனும் மதுரையிலிருந்து ஒரே வண்டியில் கிளம்பினோம். சின்னாளப்பட்டி தாண்டியதும் குறுக்கே நாய் ஓட, விழுந்துவிட்டோம். எனக்குச் சிராய்ப்புதான். ஓட்டிவந்த நண்பனுக்குக் கை முறிந்தது. வண்டியின் முன்சக்கரம் கோணிப்போனது.

பின்னால் மொபெட்டில் வந்த அக்கா ஒருவர் நின்றார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. திண்டுக்கல் சந்தைக்குக் கொண்டுபோன மல்லிகை மூட்டைகளை ஓரமாக இறக்கிவைத்தார். தலைத் துண்டை அவிழ்த்து நண்பனின் கையைக் கழுத்தோடு கட்டினார்.

"நீங்க பூவைப் பாத்துக்கங்க தம்பி. இவரை ஆஸ்பத்திரில விட்டுட்டு வாரேன்."

அந்த அவசரத்திலும் தன் மொபெட்டின் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அவர் திரும்பி வந்தபோது வெயில் ஏறி, மொட்டெல்லாம் விரிந்திருந்தது. இனி அது விலை போகாது.

"சந்தை போச்சேக்கா" என்றேன்.

"அது கெடக்கு. உங்க கூட்டாளி வழியெல்லாம் வண்டியப் பத்தியே கேட்டு அழுதாரு. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லி வச்சுருக்கேன். கட்டுப் போட்டு முடியிற வரைக்கும் நீங்களும் அதையே சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னேன். நண்பன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அவனோடு பத்து வருடம் சுற்றிய எனக்கு அந்தப் பொய் தோன்றியிருக்காது.