சுவர் குடித்த தறிச் சத்தம்

கரண்ட் போனால் எங்கள் தெரு ஒரு நொடி திகைத்து நிற்கும். அத்தனை விசைத்தறிகளும் ஒரே மூச்சில் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் காக்கை கத்துவதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவதும் காதில் விழும். நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அப்பா வேலை பார்த்த தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். மின்வெட்டு மிகுந்திருந்த அந்த வருஷங்களில், கரண்ட் போனதும் அப்பா வந்து அந்தச் சுவரோரம் தலைவைத்துப் படுப்பார். தூங்கமாட்டார். கண்ணை மூடிக் கிடப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். "அங்கன எவனோ இன்னும் தறி ஓட்டுதான். உனக்குக் கேக்கா?"

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாத் தறியும் நின்றுதான் இருந்தது. மறுநாளும் அப்பா அதையே சொன்னார். அந்தக் கூடத்தில் முன்பு ஒருவர் கரண்ட் அடித்துச் செத்ததாகப் பேச்சு உண்டு. செத்தவன்தான் ஓட்டுகிறான், அவனே அப்பாவைப் பிடித்தும் இருக்கிறான் என்று அம்மா முடிவு செய்தாள். எங்கள் ஊரில் அதற்கு வழியும் இருந்தது. காற்று கருப்பு அண்டியவர்களைக் கோமதியம்மன் சன்னிதியில், சக்கரக் குழியில் உட்கார வைப்பார்கள்; பிடித்தது விலகிவிடும் என்று நம்பிக்கை.

"வர்ற வெள்ளிக்கிழமை போயிருவோம்" என்றாள்.

"ஊரே பாக்க என்னைய அங்கன உக்காத்தி வைக்கப் போறியா? மறுநா எவன் என்னைய நம்பித் தறியத் தருவான்?"

அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போடவும் அவருக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிறு மதியம், அதிசயமாகக் கரண்ட் இருந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவியில் ஏதோ பழைய காலத்து நாடகத்தை மறுபடி போட்டார்கள். "கலர் டிவியக் கொடுத்துட்டுக் கருப்பு வெள்ளை போடுதானுவ" என்று அப்பா திரும்பிப் படுத்தார். ஆளில்லாத ஒரு பங்களா. உள்ளே வீணைச் சத்தம். தடித்த கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர், புனல் மாதிரி ஒன்றைச் சுவரில் பொருத்தினார்; சீரியல் பல்புகள் மினுக்கின. பேய் என்று எதுவும் கிடையாது, எப்போதோ வாசித்த வீணையைச் சுவர் குடித்து வைத்திருக்கிறது, அதைத்தான் இப்போது கக்குகிறது என்றார். கடைசியில் அவரே காணாமல் போனார். சுவருக்குள்ளிருந்து அவருடைய இருமல் மட்டும் கேட்டது.

"பேய் இல்லன்னு சொன்னவன் கெதியப் பாத்தியளா" என்றாள் அம்மா, குழிக்கு இன்னொரு சாட்சி கிடைத்த திருப்தியில்.

நான் துள்ளி எழுந்தேன். "எப்பா, உங்களுக்கும் அதான்! நம்ம சுவரு தறிச் சத்தத்தக் குடிச்சிருக்கு!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்புக்கே அங்கே அவ்வளவு மதிப்பு.

எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும், பலரிடம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் அறிவியல் சார் சொல்லியிருந்தார். மறுநாள் சாயங்காலம் கரண்ட் போனதும் கூடத்துக்கு ஓடினேன். வாசலில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அசந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களைச் சுவரில் காதை வைக்கச் சொன்னேன். ஒருத்தர் வைத்தார். "கேக்கு" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார்.

எல்லாரிலும் மூத்த தறிக்காரர் எழுந்திருக்கவே இல்லை. "சுவத்துக்கு எதுக்குலே வரணும்? எங்க வீட்டுல படுத்தாலும் கேக்கும். சோத்துல கைய வச்சாலும் கேக்கும். எனக்குத்தான் கோட்டி பிடிச்சிட்டுன்னு வாயே தொறக்கல."

"நீருமாவே?" என்றார், வீட்டுக்குக் கிளம்பிய அப்பா நின்று. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தர் தன் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நாள் முழுக்கத் தறிகளுக்கு நடுவே நின்றால் காது என்ன ஆகும் என்று நாடகத்து விஞ்ஞானி சொல்லியிருக்கவில்லை. ஆகவே, ஊரிலுள்ள எல்லாச் சுவரும் சத்தத்தைக் குடித்திருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இத்தன பேரையுமா ஒரே பேய் பிடிக்கும்?" என்று முணுமுணுத்தாள். வெள்ளிக்கிழமைப் பேச்சு அதோடு நின்றது.

அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். "உனக்குக் கேக்காலே?"

சுவரில் காதை அழுத்தினேன். கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். இன்னொரு காதையும் வைத்துப் பார்த்தேன். கண்டுபிடித்தவனே நான்; எனக்கே கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"ஒண்ணுமே கேக்கலப்பா."

"கேக்கலயாம்வே!" என்றார் மூத்தவர், ஏதோ கல்யாணச் செய்தி சொல்வது போல. மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்பா என் காது இரண்டையும் தன் உள்ளங்கைகளால் பொத்தி, என் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

நான் திமிறிக்கொண்டு விலகினேன். எல்லாருக்கும் கேட்பது எனக்கு மட்டும் கேட்காமல் போனதில் இவர்களுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.