அடைக்கக் கூடாத துவாரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எறிந்திருக்க வேண்டிய ஒரு சின்னப் பொருளை எறியாமல் வைத்தோம். அதனால் இன்று மூன்று உயிர்கள் இருக்கின்றன.

பாரிஸ் லாச்சப்பலில் மூன்றாம் மாடி வீடு. குடிவந்த அன்று அலுமாரிக்குள் குழந்தையின் கம்பளித் தொப்பி ஒன்று கிடந்தது. "ஆரோ பெத்த பிள்ளையின்ரை, எறியாதையுங்கோ" என்றாள் என் மனைவி அருள்மலர். தோய்த்து, சாமிப் படத்தடியில் வைத்து, தினமும் ஒரு பூவும் வைத்தாள்.

2013 மார்ச். எங்கள் மகள் லக்சிகாவுக்கு இரண்டு மாதம். சமையலறையில் இருந்த பழைய காஸ் கொதிகலனைக் கழற்றிவிட்டு, குளிருக்கேற்பத் தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்சார ஹீட்டர்கள் பூட்ட, அந்த வேலை செய்யும் மடுத்தீன் அண்ணையிடம் சொல்லியிருந்தேன். ஐந்தாம் திகதி வருவதாக இருந்தார். அன்று நல்ல வெயில். நானே நாளைத் தள்ளிப்போட்டேன்.

பன்னிரண்டாம் திகதி பனி கொட்டியது.

"அண்ணை, பிள்ளை நடுங்குது. இண்டைக்கே வாங்கோ."

"வெயிலைக் கண்டதும் என்னைக் கலைச்சனீ! இப்ப அவ்வளவு தூரம் பொண்டியிலையிருந்து பனியிலை சறுக்கிக்கொண்டோ வாறது? வெள்ளிக்கிழமை வாறன்."

கொதிகலனின் சூட்டை முழுதாகக் கூட்டினேன். ஆனால் அதன் பக்கத்துச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தால் குளிர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. பிள்ளையின் விரல்கள் சில்லிட்டன. முருகா, இவளைக் காப்பாற்று...

மாலை 4.20. ஒரு துவாயைச் சுருட்டித் துவாரத்தை அடைத்தேன்.

4.50. துவாய் மேசையில் இருந்தது. நாலாக மடித்து.

"நீரோ எடுத்தனீர்?"

"நான் பிள்ளையை விட்டு அசையேல்லை."

திரும்ப அடைத்தேன். 5.15. மறுபடி மேசையில். தொட்டேன். யாரோ மடியில் வைத்திருந்ததுபோல் இளஞ்சூடு.

மூன்றாம் முறை அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். டேப்புக்கு உள்ளே ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... நகம்.

தலை இடித்தது. அருள்மலர் கட்டிலில் சாய்ந்தாள். கூப்பிட்டேன். எழும்பவில்லை.

எனக்கும் கால் மடிந்தது.

6.10. பிள்ளை அழுதது.

கட்டிலிலிருந்து அல்ல.

வெளியே... படிக்கட்டிலிருந்து.

தவழ்ந்தேன். கதவு பூட்டியபடி. உள்சங்கிலியும் போட்டபடி.

திறந்தேன்.

படியில் லக்சிகா. தலையில் அந்தத் தொப்பி.

திறந்த கதவால் காற்று வந்தது. அழுகை கேட்டு மேல்மாடி ஜிஸ்லேன் அம்மா ஓடிவந்து ஆம்புலன்ஸை அழைத்தார். மூவரும் பிழைத்தோம்.

வெள்ளிக்கிழமை மடுத்தீன் அண்ணை கொதிகலனைக் கழற்றினார். "காஸ் எரியக் காத்து வேணுமடா. துவாரத்தை அடைச்சால் நச்சுப்புகை. மணம்கூட வராது. இன்னும் பத்து நிமிசம்..."

பிள்ளையைப் பார்க்க வந்த ஜிஸ்லேன் அம்மா, புதுச்சேரிக்காரர், தொப்பியைக் கண்டு அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்படி உங்ககிட்ட, முசியே? நான் பின்னிக் குடுத்தது. உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க குழந்தைக்கு. இதே மாதிரி ஒரு பனி நாள். அவங்களும் அந்த ஓட்டையைத் துணி வச்சு அடைச்சிருந்தாங்க."

"பிறகு?"

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்தத் தாய் கதவு வரைக்கும் வந்திருக்காங்க. சங்கிலியைத்தான் கழட்ட முடியலை."