பொன்னழகு கையில் மைக்

என் வீட்டுக்காரி பொன்னழகுக்கு மெதுவாகப் பேச வராது. கல்லலில் வயக்காட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். வரப்பில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் கண்மாய்க்கரையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கல்யாணமான புதிதில், "பக்கத்துலதானடி நிக்கிறேன், காதைக் கிழிக்காத" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அந்தக் குரலை நம்பித்தான் ஒரு கார் பந்தய டீம் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? சிரிக்காமல் கேளுங்கள்.

காரைக்குடியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என் தம்பி சிவபிரகாஷுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். டிரைவிங் ஸ்கூலில் ஓடிக் களைத்த கார் ஒன்று விலைக்கு வந்தது. வாத்தியார் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கைக் கழற்றி எறிந்தோம், பின்சீட்டைப் பிடுங்கினோம், உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து வெல்டு அடித்தோம். ‘எல்’ போர்டு இருந்த இடத்தில் பந்தய நம்பரை எழுதியவள் பொன்னழகு. ‘கல்லல் எக்ஸ்பிரஸ்’ என்று பேர் வைத்ததும் அவள்தான். காரைக்குடி டீமுக்குக் கல்லல் பேரா என்று எகிறினேன்.

"நான் கழுத்த நீட்டி உங்க ஊருக்கு வந்தேன்ல? எங்க ஊரு பேராச்சும் ஓடட்டும், சும்மா இருங்க" என்றாள். 

வலையபட்டி லட்சுமி ஆச்சி, தன் பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறவர், எங்களுக்கு டயர் வாங்கிக் கொடுத்தார். பதிலுக்குப் பானெட்டில் அவர் ஹோட்டல் பேர். அந்தப் பலத்தில் கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய டீம்களோடு பந்தயத்தில் இறங்கினோம்.

ஹெல்மெட்டும் கூண்டுமாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு டீமிலும் ஒருவர் உயரமான மேடையில் நின்று, மைக்கில் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே ஸ்பானரோடு நிற்க வேண்டியவன். பொன்னழகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சந்தோஷம் பாதிப் பந்தயம் வரைக்கும்தான். வளைவில் ஒரு மஞ்சள் கார் எங்கள் வண்டியை ஒட்டி வந்தது.

"ஏப்பா பிரகாசு, இங்குட்டு ஒருத்தன் வாரான்! அங்குட்டு ஒதுங்கு, அங்குட்டு!"

"எங்குட்டு மதினி?"

"அங்குட்டுத்தாம்ப்பா!"

மேடையில் நின்று கையை நீட்டிக் காட்டுகிறாள். காருக்குள் இருப்பவனுக்கு அந்தக் கை தெரியுமா? அவளுக்கு அங்குட்டு, அவனுக்கு இங்குட்டு. நேராக மஞ்சள் காரின் மேலேயே போய் மோதினான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. பானெட் மட்டும் நசுங்கி, ஆச்சி ஹோட்டல் பேர் பாதி காணாமல் போனது.

ஆச்சி போனில் பிடித்துக்கொண்டார். "முத்தரசு, என் பேரு நசுங்கிக் கெடக்குறதப் பாக்கவா டயர் வாங்கித் தந்தேன்? அடுத்த பந்தயத்துக்கு நானே வாரேன். அப்பவும் சரியாச் சொல்லலைன்னா மெட்ராஸ் பந்தயத்துல பழகுன ஆளு ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட மைக்கக் குடுத்துருங்க."

பொன்னழகு காதில் விழுந்துவிட்டது. "மைக்கப் புடுங்கிட்டா அப்புறம் நான் யாரு? உங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் குடுக்குறவ, அம்புட்டுத்தான்" என்றாள். மைக்கை முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் வேனில் திரும்பினோம். தம்பி ஓட்டினான். பின்னால் டயர்களுக்கு நடுவே நான். பொன்னழகு முன்சீட்டில், அவனுக்கு இடது பக்கம். இடது வலது என்று சொல்லிப் பழகு என்று வழியெல்லாம் பாடம் நடத்தினேன். பதற்றத்தில் அது வாயில் வந்தால்தானே! திருப்பத்தூர் தாண்டியதும் சந்துக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் குபீரென்று நீட்டியது.

"ஏப்பா, என் பக்கம் டிராக்டரு!" என்று அலறினாள். தம்பி கண்ணை மூடித் திறப்பதற்குள் வலதுபக்கம் ஒடித்துத் தப்பிவிட்டான்.

வேனை ஓரங்கட்டினான். பிறகு தம்பிதான் சொன்னான். "மதினி, மைக்குலயும் இப்படியே சொல்லுங்க. வண்டிக்குள்ள எனக்குப் பக்கத்துல நீங்க உக்காந்திருக்கீகன்னு நெனச்சுக்கிறேன். இடது உங்க பக்கம், வலது என் பக்கம்."

"போடா, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அடுத்த பந்தயம். சொன்னபடி ஆச்சி வந்துவிட்டார். பொன்னழகு பேசுவதைக் கேட்க ஒரு ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு மேடையிலேயே நின்றார். எனக்கோ கீழே நிற்க இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பானரை எறிந்துவிட்டு நானும் ஏறினேன்.

அடேயப்பா, என்ன பந்தயம்! "என் பக்கம் வாரான், விடாத… உன் பக்கம் எடமிருக்கு, போ போ போ!" ஒவ்வொருவனாகத் தாண்டித் தம்பி மூன்றாவதாக வந்துவிட்டான். முன்னால் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் விடாமல் முட்டிக்கொண்டு போகிறார்கள். வளைவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அகன்றார்கள்.

"என் பக்கம் ஒருத்தன், உன் பக்கம் ஒருத்தன், நடுவுல போப்பா! நடுவுல!"

ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். தம்பி நடுவில் புகுந்து வெளியே வந்துவிட்டான்! அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் இடித்து மண்ணுக்குள் இறங்கினார்கள். கடைசிச் சுற்று தொடங்கியது.

பொன்னழகு கப்சிப். சத்தமே இல்லை. மைக்கை இறுகப் பிடித்தபடி நிற்கிறாள், உதடு மட்டும் துடிக்கிறது.

"மதினி, மைக்கு போச்சா? எங்குட்டு வாரானுக? சொல்லுங்க மதினி!" தம்பி தவித்துப் போனான்.

ஆச்சியால் தாங்க முடியவில்லை. பொன்னழகின் தோளைப் பிடித்து உலுக்கினார். "வாயத் தெற ஆத்தா! பேசு! நீ பேசாட்டி அந்தப் பிள்ளை எப்படி ஓட்டும்?"

பொன்னழகு மைக் பட்டனை அழுத்தினாள். ஓடையாக வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"என் பக்கமும் ஆளில்ல, உன் பக்கமும் ஆளில்ல. என்னத்தச் சொல்ல? நீ மட்டுந்தாம்ப்பா வார. வா."