வெந்நீர் பார்த்த இடது கை

மாரப்பன் அண்ணனின் கால் வெந்துபோன ஞாயிற்றுக்கிழமையில்தான் என் நோய் எனக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. அவருக்குப் பாதங்களில் உணர்ச்சி கிடையாது. நானும் கையை உதறவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் தையல்காரன். எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னை ஓர் இந்து சேவா சங்கத்தில் சேர்த்துவிட்டிருந்தார். வடக்கே எங்காவது வெள்ளம் என்றால் பனியன் மூட்டைகள் கட்டி ரயிலில் ஏற்றுவோம். ஞாயிறுதோறும் அவிநாசி சாலையில் சங்கம் நடத்திய தொழுநோய்ச் சிகிச்சைக் கொட்டகைக்குப் போவோம். பெரிய மனசு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். புண்ணியம் என்றார்கள், பஜனை முடிந்ததும் சூடாகப் பொங்கல் கிடைக்கும். எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் புண் கட்டுபவர் ஜகபந்து. ஒரிசாக்காரர். சங்கத்தின் வேறு கிளைகளில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். தமிழை அரைகுறையாகப் பேசுவார். புண்ணைக் கழுவுமுன் நோயாளியின் காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். அவர்களுக்குச் சூடு தெரியாது என்பதால் தொண்டர் ஒருவர் முதலில் கையை விட்டுப் பார்ப்பது முறை. அன்று அது என் வேலை. வலது கையில் வாளி இருந்தது. இடது கையை விட்டேன். சரியாகத்தான் இருந்தது.

மாரப்பன் அண்ணன் தாராபுரத்தில் மாட்டு வியாபாரம் செய்தவர். காலைத் தொட்டியில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஜகபந்து வந்து குனிந்து, நீரில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சுப்பு! இது யார் பார்த்தது?"

"நான்தானுங்க."

அவர் தொட்டியைக் கவிழ்த்தார். அண்ணனின் இரண்டு பாதங்களிலும் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஜகபந்து கோபமாக என் பக்கம் திரும்பினார். அப்போது அவர் கண்ணில் என் இடது கை பட்டது. மணிக்கட்டுவரை சிவந்து, சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாரப்பன் அண்ணனும் பார்த்தார்.

"எனக்குத்தான் சொரணை இல்லீங்க தம்பி," என்றார் மெல்ல. "உங்களுக்குமுங்களா?"

கோவையிலிருந்து மாதம் இருமுறை ஒரு டாக்டரம்மா வருவார். அடுத்த முறை வந்தபோது என்னை நோயாளிகளின் பெஞ்சில் உட்காரவைத்தார். "கண்ணை மூடிக்கங்க. பஞ்சு படற இடத்தை வலது கையால தொட்டுக் காட்டுங்க," என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். எப்போது ஆரம்பிப்பார் என்று கேட்கலாமா என நினைத்தபோது, "போதும், கண்ணைத் திறங்க," என்றார்.

முழங்கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பு (சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு) கயிறுபோலத் தடித்திருந்தது; மற்ற விரல்களுக்குப் போகும் நரம்புகளும் கெட்டிருந்தன. முன்கையில் தேமல் என்று நான் விட்டிருந்த வெளிறிய இடத்தில் கிள்ளினால் தெரியவில்லை. காது மடலைக் கீறி எடுத்த நீரைச் சோதித்ததில் கிருமி இல்லை. மற்றவருக்குப் பரவாத வகை என்றார். டாப்சோன் (தொழுநோய்க் கிருமியைக் கட்டுப்படுத்தும் வெள்ளை மாத்திரை) எழுதிக் கொடுத்தார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "நாள் கணக்கு இல்லீங்க. வருஷக் கணக்கு."

இதைப் படிப்பவர் யாருக்காவது கிள்ளினாலும் தெரியாத அப்படி ஒரு வெளிறிய இடம் உடம்பில் இருந்தால் தயவுசெய்து போய்க் காட்டுங்கள். நான் ஒரு வருடத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டே குளித்தேன்.

அன்று மாலை என் மனைவி சரசுவிடம் சொன்னேன். மகள் வசந்தாவுக்கு அப்போது இரண்டு வயது. சரசு குழந்தையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அங்க போயித்தானுங்க வந்துச்சு?"

பல வருடங்களுக்கு முன்பே உடம்பில் புகுந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டைக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அழவில்லை. கொப்புளத்தைப் பார்த்த மாதிரியே காலி வீட்டையும் பார்த்தேன். கம்பெனியில் நரம்புத் தளர்ச்சி என்று பொய் சொல்லி, தையல் மிஷினை விட்டு மடிக்கும் மேசைக்கு மாறினேன். ஊசி விரலில் ஏறினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

சங்கத்தில் யாரும் வராதே என்று சொல்லவில்லை. பொங்கல் கரண்டியை மட்டும் என் கையிலிருந்து வேறொருவர் வாங்கிக்கொண்டார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மாரப்பன் அண்ணனின் காலுக்குக் கட்டுப்போடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "கட்டை இறுக்காம போடுங்க தம்பி, அது போதும்," என்றார். ஆற மூன்று மாதமாயிற்று.

இரண்டாவது மாதம் சரசு நேராகக் கொட்டகைக்கே வந்தாள். வசந்தாவைச் சோதிக்க வேண்டும் என்றாள். டாக்டரம்மா குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சரசு கிளம்பவில்லை. ஜகபந்துவின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. உங்க ஊட்ல ஒருத்தருக்கு இது வந்தா நீங்க கூட இருப்பீங்களா?"

ஜகபந்து கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என் அண்ணனுக்கு வந்தது," என்றார். "நான் கதவு மூடினேன். அவர் போயிட்டார். எங்கே, தெரியாது. நான் முதல்ல பூரி போனேன், அப்புறம் நாக்பூர், இப்போ இங்கே. புதுசா யார் வந்தாலும் முதல்ல முகம் பார்க்கிறேன்."

எத்தனையோ ஞாயிறுகள் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

சரசு என்னோடு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டச் சொன்னாள். டாக்டரம்மா சொல்லியிருந்தபடி எண்ணெய் தடவி, மடங்கத் தொடங்கியிருந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள். அவள் கை நடுங்கியது. அது எனக்குக் கண்ணால்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் நரம்பு அழற்சி (நரம்பு வீங்கி வலிப்பது) வந்தது. முழங்கையில் நெருப்பாக எரியும். அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஒரு மாதம் கையைப் பலகையில் கட்டிப் படுத்திருந்தேன். மாத்திரை தொடர்ந்தது. வசந்தா பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். ஜகபந்துவைச் சங்கம் ஆந்திராவுக்கு மாற்றியது. போகும்போது என் இடது கையைப் பிடித்துத்தான் விடைபெற்றார். மாரப்பன் அண்ணன் வேறு நோயில் காலமானார். ஆறாம் வருடம் டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தினார்.

"உணர்ச்சி திரும்புமுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நோய் போயிருச்சு. நரம்பு போனது போனதுதான்."

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

இப்போதும் ஞாயிறுகளில் கொட்டகைக்குப் போகிறேன். புதிதாக வருபவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன்: தினமும் பொழுது சாயும்போது கையையும் காலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடம்பு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு காயம் அது பட்ட நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு எல்லாம் சாயங்காலம்தான் நடக்கிறது.

போன வாரம் அப்படிப் பார்த்தபோது உள்ளங்கையில் ஒரு சிராய் ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வசந்தா ஊசியைத் துடைத்து எடுத்துவந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்பங்கப்பா குத்துச்சு?"

காலையில் பெட்டி அடுக்கினேன். மத்தியானம் கதவைத் தள்ளினேன். யோசித்துப் பார்த்தேன்.

"இன்னைக்குத்தான் கண்ணு," என்றேன்.